தண்ணீரோடு போகும் நுண்ணுயிர்: ரைஸ் மில் ஊறல் நீருக்கு வைத்த கலனைத் திருத்திய பதிவு

இடம்: மேலூர்ப் பக்கம், புழுங்கல் அரிசி மில் ஒன்றின் பின்கட்டு. வேலை: நெல் ஊறல் தொட்டியிலிருந்து இறக்கும் தண்ணீரைக் காற்றில்லாக் கலனில் விட்டு, அதிலுள்ள கரிமச் சத்தை எரிவாயுவாக்கிவிட்டு வெளியே விடுவது. முதலில் வைத்தது மூடி போட்ட 200 லிட்டர் நீல டிரம். நடுவில் மெதுவாகச் சுற்றும் கலக்கி, உள்ளே 180 லிட்டர் திரவம். நாளுக்கு 36 லிட்டர் ஊறல் நீர் உள்ளே போகும், 36 லிட்டர் வெளியே வழியும். விதையாகச் சாண எரிவாயுக் கலனின் குழம்பை வடிகட்டி ஊற்றியிருந்தது.

முதல் வாரம் வாயு நன்றாக வந்தது. மூன்றாம் வாரம் பாதியானது. ஐந்தாம் வாரம் குமிழி நின்றது. பி.எச். 7.1இலிருந்து 5.3க்கு இறங்கியது. சாண வாடை போய், புளித்த கஞ்சி வாடை வந்தது. இப்படி நின்றுபோன கலனில் சுண்ணாம்பைக் கொட்டுவதுதான் பலரும் செய்வது. இரண்டு நாள் பி.எச். ஏறும், பிறகு பழையபடி விழும். நோய் அமிலத்தில் இல்லை. அமிலத்தைத் தின்ன வேண்டிய உயிர்கள் தண்ணீரோடு போய்விட்டன.

டிரம் ஏன் காலியானது

180 லிட்டரில் நாளுக்கு 36 லிட்டர் போகிறது என்றால், உள்ளே இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு தினமும் வெளியேறுகிறது. தண்ணீர் தங்கும் காலம் 5 நாள். கலக்கி சுற்றிக்கொண்டே இருப்பதால் தண்ணீர் எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் நுண்ணுயிரும் போகும். வளராத பொருள் ஒன்று உள்ளே இருந்தால் 5 நாளில் 37 சதவீதம்தான் மிஞ்சும், 10 நாளில் 13.5, 15 நாளில் 5. போவதை ஈடுகட்ட வேண்டுமானால் ஒரு நுண்ணுயிர் மூன்றரை நாளுக்குள் இரட்டிப்பாக வேண்டும். 1950இல் ஆய்வாளர் மோனோவும், அதே ஆண்டில் தனியாக நோவிக், சிலார்ட் என்ற இரு ஆய்வாளர்களும் தொடர் வளர்ப்புக் கலனுக்குச் சொன்ன கணக்கு இதுதான்: வெளியேறும் வீதம் வளரும் வீதத்தைத் தாண்டினால் கலன் கழுவிவிடப்படும்.

காற்றில்லாக் கலனில் ஒரே இனம் மட்டும் வேலை செய்வதில்லை. மாவுச்சத்தை உடைத்து அமிலமாக்கும் கூட்டம் சில மணி நேரத்தில் இரட்டிக்கும். நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போனாலும் அதற்கு ஒன்றுமில்லை. அசிட்டிக் அமிலத்தைத் தின்று மீத்தேன் தரும் கூட்டத்தில் இரண்டு வகை உண்டு. மெத்தனோசார்சினா, தீனியும் சூடும் சரியாக இருந்தால் 1 முதல் 2 நாளில் இரட்டிக்கும். மெத்தனோசீட்டா மெள்ள வளர்வது. 4 முதல் 7 நாளோ அதற்கு மேலோ எடுக்கும். ஏழு நாளில் இரட்டிக்கும் கூட்டத்தை இந்த டிரம்மில் விட்டால், அது ஏழு நாளுக்கொரு முறை பாதியாகிக்கொண்டே போகும்.

கணக்குப்படி சார்சினாவாவது தாக்குப்பிடித்திருக்க வேண்டும். ஆனால் அந்த 1, 2 நாள் கணக்கு பி.எச். 7ஐ ஒட்டி இருக்கும்போதுதான். மெள்ள வளரும் கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் அமிலம் தேங்கியது, பி.எச். 6.5க்குக் கீழே போனது, மீத்தேன் கூட்டம் முழுக்க மந்தமானது. மந்தமானால் இன்னும் வேகமாகக் கழுவிப்போகும், போகப் போக அமிலம் இன்னும் ஏறும்.

இதில் ஏமாற்றக்கூடியவை இரண்டு. ஒன்று, முதல் வாரத்து வாயு. அதில் பெரும்பகுதி சாணக் குழம்பில் மிச்சமிருந்த சத்திலிருந்து வந்தது. ஊறல் நீர் செரித்ததற்கு அது சாட்சி இல்லை. இரண்டு, வெளியே வரும் தண்ணீரின் கலங்கல். உயிர்கள் கழுவிப்போன கலன் தெளிந்து கிடக்கும் என்று நினைக்கத் தோன்றும். கடைசி நாள் வரை தண்ணீர் பால்போல் கலங்கித்தான் இருந்தது. அவ்வளவும் அமிலக் கூட்டம்.

எந்த வழி

தீனியைக் குறைத்து, நாளுக்கு 9 லிட்டர், தங்கும் காலம் 20 நாள் என்று வைத்தால் டிரம் பிழைக்கும். ஆனால் நாளுக்கு 10,000 லிட்டர் ஊறல் நீர் இறக்கும் மில்லுக்கு அந்தக் கணக்கில் 2 லட்சம் லிட்டர் கலன் வேண்டும். நெல் காயப்போடும் களத்தையே தோண்டினால்தான் இடம் கிடைக்கும். தண்ணீர் ஒரு நாளில் போகட்டும், உயிர் நூறு நாள் உள்ளே இருக்கட்டும் என்று இரண்டு காலத்தையும் பிரித்தால் 10,000 லிட்டர் கலனே போதும். நெதர்லாந்தின் வாகனிங்கனில் லெட்டிங்காவின் குழு 1970களில் உருவாக்கிய, தண்ணீர் மேல்நோக்கி ஓடும் சேற்றுப் படுகைக் கலன் (யு.ஏ.எஸ்.பி.) இந்த வேலைக்குத்தான். தண்ணீர் அடியிலிருந்து மெதுவாக மேலேறும், நுண்ணுயிர்கள் திரண்ட கனமான சேறு கீழே படுகையாக நிற்கும், கலக்கி கிடையாது.

தென்னை நாரை உள்ளே கட்டி அதில் நுண்ணுயிரைப் பிடித்துவைப்பதும் ஒரு வழிதான். ஆனால் ஊறல் நீரில் தவிடும் மாவும் அதிகம். நார் அடைத்துக்கொள்ளும், நாளாக ஆக அதுவே மட்கும். அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

கட்டியது

உடல்: 315 மி.மீ. பி.வி.சி. குழாய், உள்விட்டம் ஏறத்தாழ 300 மி.மீ., நீளம் 2.6 மீட்டர், தண்ணீர் நிற்கும் உயரம் 2.5 மீட்டர். குறுக்குப் பரப்பு 0.07 சதுர மீட்டர், கொள்ளளவு சுமார் 175 லிட்டர். இதைவிட ஒல்லியான குழாய் வேண்டாம். ஒல்லிக் குழாயில் சேறு மொத்தமாக ஒரு அடைப்பான்போல் எழும்பிவிடும். அடியிலிருந்து 30, 60, 90, 120, 160 செ.மீ. உயரத்தில் அரை அங்குல டேங்க் நிப்பிளும் பால் வால்வும். சேறு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்க்க இவை இல்லாமல் முடியாது.

நுழைவு: 20 மி.மீ. குழாயை அடி மூடிக்கு 5 செ.மீ. மேலே கொண்டுபோய், கீழ்நோக்கி 6 மி.மீ. துளை நான்கு. மேல்நோக்கித் துளை போட்டால் தண்ணீர் படுகையைக் குத்தி ஒற்றைத் தடம் பண்ணிக்கொண்டு போய்விடும். மற்ற சேறு பட்டினி கிடக்கும்.

பிரிப்பான்: வாயுவையும் சேற்றையும் தண்ணீரிலிருந்து பிரிப்பது. சேறு தங்குவதும் போவதும் இந்த ஒரு சாமானில்தான் இருக்கிறது. 240 மி.மீ. வாய் உள்ள பிளாஸ்டிக் புனலைக் கவிழ்த்து, வாய் தண்ணீர் மட்டத்துக்கு 35 செ.மீ. கீழே இருக்கும்படி நிறுத்தியது. புனலின் கூம்பு உயரம் 14 செ.மீ., ஆகவே அதன் கழுத்து மட்டத்துக்கு 21 செ.மீ. கீழே வரும். புனலைச் சுற்றி 30 மி.மீ. இடைவெளி. புனல் வாய்க்கு 4 செ.மீ. கீழே, குழாயின் உள்சுவரில் 40 மி.மீ. அகல வளையம், பிளாஸ்டிக் பேசின் விளிம்பை வெட்டி ஒட்டியது. கீழிருந்து வரும் குமிழியைப் புனலுக்குள் திருப்பிவிடுவது அந்த வளையம். அதைத் தட்டையாக ஒட்டக் கூடாது. மேலே படியும் சேறு வழுக்கித் திரும்பிக் கீழே விழ, 50 பாகைக்குக் குறையாத சரிவு வேண்டும். தட்டையாக ஒட்டினால் அங்கேயே சேறு குவியும், வாயு பிடிக்கும், கட்டியாகக் கிளம்பும்.

வழிவு: மேலே ஒரு டீ, அதாவது மூன்று வாய்க் குழாய் இணைப்பு. அதன் கீழ்க்கால் தண்ணீருக்குள் 5 செ.மீ. மூழ்கி, மிதக்கும் ஆடையைத் தடுக்கும். டீயின் மேல்வாய் திறந்தே இருக்க வேண்டும். அதை மூடிவிட்டால் வழிவுக் குழாய் நிரம்பி சைஃபன் பிடித்துக்கொள்ளும்; மட்டம் ஒரே இழுப்பில் இறங்கும், கூடவே சேறும் வரும்.

விதை: 70 லிட்டர் சாணக் குழம்பு, 1 மி.மீ. வலையில் இரண்டு முறை வடித்து, வைக்கோல் நாரெல்லாம் நீக்கியது. சேலம், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைக் கலன்களிலிருந்து சேறு கிடைத்தால் அதுவே மேல். மாவுச்சத்துத் தீனிக்கு ஏற்கெனவே பழகியிருக்கும்.

தீனி

வெந்நீர் ஊறல் என்றால் தண்ணீர் 60, 70 டிகிரியில் இறங்கும். 38க்குக் கீழே ஆறவைக்காமல் விடக் கூடாது. பச்சைத்தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறியது ஏற்கெனவே புளித்து, பி.எச். 4.5 பக்கம் இருக்கும். இந்த மில் நீரின் சி.ஓ.டி. (கரிமச் சத்தை எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்; தீனி எவ்வளவு இருக்கிறது என்பதன் அளவு) லிட்டருக்கு 3 கிராம் அளவில் இருந்தது. உமியும் தவிடும் போக 1 மி.மீ. வலையில் வடித்து, லிட்டருக்கு 1 கிராம் ஆப்ப சோடாவிலிருந்து தொடங்கி, பி.எச். 6.8 தொடும் வரை சேர்த்தது. சுண்ணாம்பு மலிவுதான். ஆனால் சுண்ணாம்புப் படிவு நுழைவுத் துளையை அடைக்கும், நுண்ணுயிர்கள் சிறு உருண்டையாகத் திரண்ட சேற்று மணியின் மேல் ஓடுபோல் படியும். மணி கனமாகிக் கீழே நிற்கிறதே என்று மகிழ வேண்டாம். உள்ளே இருக்கும் உயிருக்குத் தீனி போகாது.

சி.ஓ.டி. 350 பங்குக்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்பது காற்றில்லாக் கலனுக்கு வழக்கமான விகிதம். நாளுக்கு 180 லிட்டர், அதாவது 540 கிராம் சி.ஓ.டி.க்கு டி.ஏ.பி. 8 கிராம், யூரியா 14 கிராம் வரும். ஊறல் நீரிலேயே இரண்டும் கொஞ்சம் இருப்பதால் பாதி அளவில் தொடங்கினால் போதும்.

முதல் இரண்டு வாரம் நாளுக்கு 40 லிட்டர் மட்டும். பிறகு ஒவ்வொரு முறையும் கால் பங்குக்கு மேல் ஏற்றாமல் 50, 62, 78 என்று போய் 180ஐத் தொடப் பத்து வாரத்துக்கு மேல் ஆனது. ஏற்றுவதற்கு முன் பார்ப்பது அமிலமும் காரத்தன்மையும் நிற்கும் விகிதம். வழிவு நீர் 20 மில்லியை வடிகட்டி, 0.1 நார்மல் கந்தக அமிலத்தால் பி.எச். 5.0 வரை இறக்கிச் செலவான மில்லியை 250ஆல் பெருக்கினால் காரத்தன்மை. 5.0இலிருந்து 4.4 வரை செலவான மில்லியை 1.66ஆல் பெருக்கி, 0.15 கழித்து, 500ஆல் பெருக்கினால் அமிலம். அமிலத்தைக் காரத்தன்மையால் வகுத்து 0.3க்குள் வந்தால் ஏற்றலாம். 0.5 தாண்டினால் தீனியைப் பாதியாக்க வேண்டும். பி.எச். மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் சேதி தாமதமாகத்தான் வரும்; விகிதம் சில நாள் முன்பே சொல்லிவிடும்.

முதல் இரண்டு வாரம் போன சேறு

தொடங்கியதும் வழிவில் பழுப்புச் சேறு வந்துகொண்டே இருந்தது. இது போக வேண்டியது. சாணக் குழம்பில் இருக்கும் இலேசான பஞ்சும் நாரும் வெளியேறினால்தான், கனமான சேறு படுகையைப் பிடித்து நாளடைவில் மணியாகத் திரளும். வெளியே வந்ததைப் பிடித்து மறுபடி உள்ளே ஊற்றுவது இந்தக் கட்டத்தில் தவறு; இலேசானதையே வளர்க்கிறோம் என்று ஆகும்.

நாலாம் வாரம்: போகக் கூடாதது போனது

வழிவில் வந்த சேற்றின் நிறம் பழுப்பிலிருந்து கருப்பானது. அளவுக்கோடு போட்ட, அடி கூரான இம்ஹாஃப் கூம்பில் ஒரு லிட்டர் பிடித்து அரை மணி நேரம் வைத்தால் அடியில் 20 மில்லிக்கு மேல் படிந்தது. கூம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் விஷயம் அங்கேயே தெரிந்தது. கடுகில் பாதி அளவுக் கருப்புத் துணுக்குகள் அடியில் விழுகின்றன. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றிலும் ஊசிமுனைக் குமிழி ஒன்று ஒட்டி, துணுக்கு மெல்ல மேலே வருகிறது. மேலே வந்ததும் குமிழி உடைகிறது, துணுக்கு சுழன்றுகொண்டே மறுபடி இறங்குகிறது. இவை வாயு தருகிற உயிருள்ள சேறு. இதை இழக்கக் கூடாது.

காரணம் ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது பம்ப். டைமரில் ஓடும் 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் நிமிடத்துக்கு 4 லிட்டர் தள்ளும். நாளுக்கு 180 லிட்டர் என்ற முழுத் தீனியிலும் சராசரி மேலேற்ற வேகம் மணிக்கு 0.11 மீட்டர்தான் வரும். மணியாகாத சேற்றுக்கு 0.5 வரை தாங்கும் என்பதால் காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் பம்ப் ஓடும் அந்தச் சில விநாடியில் வேகம் மணிக்கு 3.4 மீட்டர். சராசரியைப் போல முப்பது மடங்கு. ஒவ்வொரு தள்ளலுக்கும் படுகையின் மேல்தட்டு கொஞ்சம் எழும்பிக்கொண்டே இருந்தது. சேற்றைத் தூக்குவது உச்ச வேகம். சராசரியைக் கணக்குப் போட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. அந்தப் பம்பை எடுத்துவிட்டு, இடைவிடாமல் ஓடும் பெரிஸ்டால்டிக் பம்ப் (உருளை குழாயை நசுக்கித் தண்ணீரைத் தள்ளுவது) வைத்தாயிற்று. முழுத் தீனிக்கு நிமிடத்துக்கு 125 மில்லி. இதன் சிலிக்கான் குழாய் உருளைக்கடியில் நசுங்கி நசுங்கித் தளரும், அளவு தானாகக் குறையும். வாரம் ஒருமுறை அளவு ஜாடியில் பிடித்துப் பார்த்துத் திருத்த வேண்டும். குழாயில் உருளை படும் இடத்தையும் மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, நீர்ப்பூட்டு: புனல் கழுத்திலிருந்து வரும் வாயுக் குழாயின் நுனி மூழ்கியிருக்கும் தண்ணீர். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வாயு வெளியேறும் குழாய் பூட்டு நீரில் எவ்வளவு ஆழம் மூழ்கியிருக்கிறதோ, கலனின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அதே ஆழத்தில்தான் புனலுக்குள் வாயுவும் தண்ணீரும் சந்திக்கும் கோடு நிற்கும். முதலில் வைத்தது 5 செ.மீ. பூட்டு. அந்தக் கோடு புனலைத் தாண்டிக் கழுத்துக்கு மேல் குழாய்க்குள் ஏறிவிட்டது. ஊறல் நீரின் நுரையும் ஆடையும் 12 மி.மீ. குழாய்க்குள் போய் அடைத்தது. வாயு போக வழியில்லாமல் புனல் நிரம்பி, விளிம்பைத் தாண்டிக் கட்டி கட்டியாக வெளியே கிளம்பியது. தெளிய வேண்டிய மேல்பகுதி கொதிக்கும் பானைபோல் ஆனது. அங்கே தெளிந்துகொண்டிருந்த சேறெல்லாம் வழிவில் போனது.

புனல் வாய் 35 செ.மீ. ஆழம், கழுத்து 21 செ.மீ. ஆழம் என்பதால் பூட்டு இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். 27 செ.மீ. வைத்தது. 90 மி.மீ. குழாயில் அரை மீட்டர் துண்டு எடுத்து அடியை மூடிப் பூட்டாக்கி, 27 செ.மீ. வரும் இடத்தில் ஒரு வழிவுத் துளை போட்டாயிற்று. யாராவது மிகையாக ஊற்றினாலும் பூட்டு அதற்கு மேல் போகாது. 35ஐத் தாண்டிவிட்டால் வாயு முழுவதும் விளிம்பு வழியாகத்தான் போகும். கத்திரி வெயில் காலத்தில் பூட்டு நீர் வற்றும். தினமும் காலையில் பார்த்து நிரப்ப வேண்டும். வாயுக் குழாயைத் திறந்த வெளியில் விட்டு, பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; மீத்தேன் மட்டுமல்ல, ஹைட்ரஜன் சல்ஃபைடும் வரும்.

முதலும் வட்டியும்

சேறு போகிறதா என்று கேட்பது சரியான கேள்வி இல்லை. எப்போதும் கொஞ்சம் போகும். வளர்வதைவிட அதிகம் போகிறதா என்பதே கேள்வி.

முழுத் தீனியில் படுகை 70 லிட்டர், லிட்டருக்கு 25 கிராம் ஆவியாகும் திடப்பொருள் (சூளையில் எரிந்துபோகும் பகுதி, உயிர்ச் சேற்றின் அளவு) என்றால் உள்ளே இருக்கும் முதல் 1,750 கிராம். 540 கிராம் சி.ஓ.டி.யில் 80 சதவீதம் செரித்தால் சுமார் 430 கிராம். காற்றில்லாக் கலனில் அதில் 5 முதல் 10 சதவீதம் புதுச் சேறாகும், அதாவது நாளுக்கு 20 முதல் 40 கிராம் வட்டி. வழிவில் லிட்டருக்கு 0.1 கிராம் போனால் 180 லிட்டருக்கு 18 கிராம், வட்டிக்குள் அடங்குகிறது. சேறு தங்கும் காலம் 97 நாள், தண்ணீர் தங்கும் காலம் ஒரு நாள். அதுவே லிட்டருக்கு 0.8 கிராம் போனால் நாளுக்கு 144 கிராம். முதலுக்கே மோசம். 12 நாள் கணக்கில் கலன் கரையும்.

இந்த 0.1, 0.8 எண்களைப் பெற ஒரு வேளை பிடித்த மாதிரி போதாது. இரண்டு மணிக்கொரு முறை 100 மில்லி வீதம் ஒரு நாள் முழுக்கச் சேர்த்து, வடிதாளில் வடித்து 105 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைத்து எடை, பிறகு 550 டிகிரி சூளையில் எரித்து எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆவியாகும் திடப்பொருள். சூளை எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் இருக்கும். அன்றாடம் பார்க்க இம்ஹாஃப் கூம்பே போதும். இரண்டையும் சில முறை சேர்த்து அளந்துவிட்டால், கூம்பில் எத்தனை மில்லி என்றால் எத்தனை கிராம் என்பது இந்தக் கலனுக்குக் கைக்கணக்காகிவிடும்.

வாயுவும் ஒரு சாட்சி. செரித்த ஒவ்வொரு கிராம் சி.ஓ.டி.க்கும் 0.35 லிட்டர் மீத்தேன், அது பூஜ்ய டிகிரிக் கணக்கு. 430 கிராமுக்கு 150 லிட்டர். மதுரைச் சூட்டில் விரிந்து, கரியமில வாயுவும் சேர, நாளுக்கு 240 லிட்டர் அளவில் வர வேண்டும்.

படுகை வளர்ந்தபின்

சேறு வளர வளர 120 செ.மீ. குழாயில் கெட்டியாக வரத் தொடங்கும். இதைச் சந்தோஷச் செய்தியாக விட்டுவிட்டால், படுகை புனலை எட்டி ஒரே நாளில் கொத்தாக வழியும். 120இல் கெட்டிச் சேறு தெரிந்ததும் 90 செ.மீ. வால்விலிருந்து 5 முதல் 10 லிட்டர் இறக்கிவிட வேண்டும். அடி வால்வைத் திறந்து இறக்கக் கூடாது. நல்ல மணிகள் அங்கேதான் இருக்கின்றன. மணலும் சுண்ணாம்புப் படிவும் சேர்ந்தால் மட்டும் மாதத்துக்கு ஒருமுறை அடியில் ஒரு லிட்டர்.

பொங்கலுக்கு மில் நின்றால் கலனும் நாலைந்து நாள் நிற்கும். படுகை அமுங்கி இறுகும், மிச்சத் தீனியின் வாயு உள்ளே மாட்டிக்கொள்ளும். அப்படியே முழு வேகத்தில் தொடங்கினால் படுகை மொத்தமும் ஒரு தூண்போல் மேலே கிளம்பும். தொடங்குவதற்கு முன் மரச் சுத்தியலால் குழாயைக் கீழிருந்து மேலாகச் சுற்றித் தட்ட வேண்டும். பூட்டில் குமிழி வரிசையாக வந்து நிற்கும் வரை. பிறகு பழைய தீனியில் மூன்றில் ஒரு பங்கு, மறுநாள் பாதி, நாலாம் நாள் முழுசு. மார்கழி இரவில் தண்ணீர் சூடு இறங்கும்போது வளர்ச்சியும் இறங்கும். அந்த மாதம் தீனியை ஏற்றவே வேண்டாம், குழாயைச் சாக்கும் வைக்கோலும் சுற்றி வைத்தால் போதும். சித்திரையில் நேர்மாறு. நேர் வெயிலில் நிற்கும் குழாய் 42 டிகிரியைத் தாண்டினால் மீத்தேன் கூட்டம் அடிபடும்; தென்னங்கீற்றுப் பந்தல் கட்டாயம்.

இறக்கிய சேற்றைக் கீழே கொட்டிவிட வேண்டாம். 20 லிட்டர் கேனில் நிரப்பி, மேலே காற்றுக்கு இடமில்லாமல் கலன் தண்ணீராலேயே விளிம்பு வரை ஊற்றி, நிழலில் வைத்தால் தீனி இல்லாமலே மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். கலன் மறுபடி கழுவிப்போனால் சாணக் குழம்பிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கேனின் மூடியை இறுக்க மட்டும் கூடாது. வாயு சேர்ந்து கேன் வெடித்துவிடும்.